வெள்ள அபாய எச்சரிக்கை

வெள்ள அபாய எச்சரிக்கை: ஏரியிலிருந்து உபரிநீர் திறக்கப்படும்போதோ ஆற்றில் நீர்மட்டம் உயரும்போதோ, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அரசு விடுக்கும் அவசர அறிவிப்பு. வானிலை ஆய்வு மையத்தின் 'ரெட் அலர்ட்' இதிலிருந்து வேறானது. அது பொதுவாக 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யக்கூடிய அதிகனமழையைக் குறிக்கும்.

சென்னையில் வெள்ள அபாய எச்சரிக்கை பெரிதும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சார்ந்தது. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. முழு நீர்மட்ட உயரம் 24 அடி. இங்கு திறக்கப்படும் நீர் அடையாற்றில் கலந்து ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலை அடைகிறது. நீர் திறப்பு பற்றிய செய்திக்குறிப்பு, ஒலிபெருக்கி, கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆகியவற்றின் வழியே எச்சரிக்கை மக்களைச் சேர்கிறது.

2015 டிசம்பர் 1 அன்று ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் வெளியேற்றப்பட்டது. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின. வெளியேற நேரம் இருக்கும்போதே ஒவ்வொரு வீட்டையும் எட்டும் எச்சரிக்கையே உயிர்களைக் காக்கும். அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.