தஞ்சோங் பியாயில் வெண்டி சுப்பிரமணியம் வாங்கிய 1,707 வாக்குகள்

பொந்தியான் மாவட்டத்தின் தஞ்சோங் பியாய் நாடாளுமன்றத் தொகுதிக்கு 2019 நவம்பர் 16-இல் இடைத்தேர்தல் நடந்தது. துணையமைச்சர் டாக்டர் முகமட் ஃபாரிட் காலமானதால் வந்த தேர்தல் அது. களத்தில் 6 பேர். தேசிய முன்னணியின் வீ ஜெக் செங் 25,466 வாக்குகளும் பக்காத்தானின் கர்மைன் சார்டினி 10,380 வாக்குகளும் பெற்றனர்.

மூன்றாவதாக வந்தவர் கெராக்கான் வேட்பாளர் வெண்டி சுப்பிரமணியம். வாக்குகள் 1,707. கெராக்கான் 2018-லேயே தேசிய முன்னணியிலிருந்து விலகிவிட்டதால், தனித்தே நின்றார்.

நாடாளுமன்ற வேட்பாளர் 10,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்ட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வாக்கு கிடைக்காவிட்டால் அது பறிபோகும். இங்கே அதற்கு ஏறக்குறைய 4,850 வாக்குகள் தேவைப்பட்டன. வெண்டியோடு சேர்த்து நால்வர் இழந்தனர். இந்தியர் சுமார் ஒரு விழுக்காடே உள்ள தொகுதியில், இன வாக்கை மட்டும் நம்பி அவர் நின்றிருக்க முடியாது.