பத்தமடைப் பாயும் சிக்கனமான வீட்டு அலங்காரமும்

தமிழர் வீடுகளில் இருக்கும் பொருட்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மேசை, அலமாரி, ஜன்னல், சாவி... இந்த நான்குமே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள்! 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையில் வந்து இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறை வரை வந்துவிட்டார்கள். அவர்களோடு பொருட்களும் வந்தன, பெயர்களும் வந்தன. பீரோவும் சோபாவும் அதற்குப் பிறகு ஆங்கிலேயர் வழியாக வந்து சேர்ந்தவை.

அப்படியானால் அதற்கு முன்பு வீடு வெறுமையாகவா கிடந்தது? இல்லை. கட்டில் பழைய தமிழ்ச் சொல்தான். ஆனால் எல்லா வீட்டிலும் கட்டில் இருந்ததில்லை. ஏழை வீடு, பணக்கார வீடு என்ற வேறுபாடு இல்லாமல் எல்லா வீட்டிலும் இருந்த ஒரே பொருள் பாய். உட்கார, படுக்க, விருந்தாளியை வரவேற்க, பந்தி போட, நெல் காயவைக்க என்று அத்தனைக்கும் அதுதான். ஒருவர் மட்டும் உட்காரும் சின்னப் பாய்க்குத் தடுக்கு என்று பெயர். வரிசையாக உட்கார்ந்து சாப்பிட விரிக்கும் நீளமான பாய்க்குப் பந்திப்பாய் என்று பெயர். பெயர்கள் இத்தனை வகையாக இருப்பதே அதன் புழக்கத்துக்குச் சான்று.

"குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்துவது எப்படி?" என்று இன்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்தக் கேள்விக்குத் தாமிரபரணிக் கரை எப்போதோ ஒரு பதில் சொல்லிவிட்டது. ஆற்றோரம் முளைக்கும் புல்லை அறுத்து, கீறி, சாயம் ஏற்றி நெய்து தரையில் விரித்துவிட்டால் போதும் என்பதே அந்தப் பதில். அதற்குப் பெயர் வாங்கிய ஊர் பத்தமடை.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வயலும் வாழையுமாகப் பச்சையாக இருக்கும் பகுதி இது. ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊரும் இதுதான். ஆனாலும் பத்தமடை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாய்தான். நெய்பவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம்கள். (முஸ்லிம்களை 'பாய்' என்று அழைக்கும் வழக்கத்துக்கும் இந்தப் பாய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது சகோதரன் என்று பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்!)

பாயின் மூலப்பொருள் கோரை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகவே வளரும். நெல் வயலுக்குள் முளைத்தால் விவசாயி அதைக் களை என்று பிடுங்கி எறிவார். பாய்க்கு உதவும் உயரமான வகையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். முற்றிவிட்டால் முறியும். செப்டம்பர், அக்டோபரில் ஒரு அறுப்பு, பிப்ரவரி, மார்ச்சில் ஒரு அறுப்பு என்று சொல்வார்கள். அறுத்த தண்டைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, உள்ளே பஞ்சு போல இருக்கும் வெள்ளைப் பகுதியை நீக்கிவிட்டு வெயிலில் போடுவார்கள். பச்சை நிறம் போய் வைக்கோல் நிறம் வரும்.

சாதாரணப் பாய்க்கு இந்த அளவே ஏறக்குறையப் போதும். பத்தமடைக்குப் பெயர் வாங்கித் தந்த மெல்லிய பாய்க்கு வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பம். காய்ந்த கோரையைக் கட்டுக் கட்டாக்கி ஓடும் தண்ணீரில் பல நாட்கள் ஊறப் போடுவார்கள். தேங்கிய தண்ணீர் ஆகாது, நிறம் கெட்டுவிடும். நன்றாக ஊறி ஊதிய கோரையை எடுத்து மறுபடி காயவைத்து, மறுபடியும் மெல்லிசாகக் கீறுவார்கள். நூல் மாதிரி ஆகும் வரை கீறுவார்கள். இதற்கு இயந்திரம் எதுவும் உதவாது. கத்தியும் விரலும் கண்ணும்தான் உதவும். தாமிரபரணி ஓடாவிட்டால் அந்த மெல்லிய பாய் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆற்றில் சாக்கடை கலப்பது குடிநீர்ப் பிரச்சனை மட்டும் இல்லை, பாயின் நிறத்துக்கும் பிரச்சனைதான்.

சாயத்தின் கதை தனிக் கதை. பழைய நாளில் சிவப்பு நிறம் பதங்க மரக்கட்டையை வேகவைத்து எடுக்கப்பட்டது. 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் மலேரியாவுக்கு மருந்து தேடப் போய், தற்செயலாக ஒரு ஊதா நிறச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் முதல் செயற்கைச் சாயம். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் ஐரோப்பியத் தொழிற்சாலைச் சாயங்கள் உலகம் முழுவதும் மரத்தையும் வேரையும் இலையையும் ஓரம் கட்டிவிட்டன. பத்தமடையும் தப்பவில்லை. டப்பாவில் வரும் சாயத்தில் பச்சை, ஊதா, ரோஸ் என்று எந்த நிறமும் நிமிடத்தில் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் அந்தப் பழைய மங்கிய சிவப்புக்கு ஒரு அடக்கம் உண்டு. வைக்கோல் நிற நடுப்பகுதியும் ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகளும் உள்ள பாய்க்குப் பக்கத்தில், பளபளக்கும் ரோஸ் நிறப் பாய் கொஞ்சம் சத்தம் போடுவது போலத்தான் இருக்கும்.

தறியைப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். தரையோடு தரையாகக் கிடக்கும் தறி அது. முளைகளில் கட்டிய இரண்டு மூங்கில் கழிகள், அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய பாவு நூல், நடுவில் பாவைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் முக்காலி, துளைகள் போட்ட மர அச்சு... அவ்வளவுதான். ஒருவர் அச்சைப் பிடித்து அசைக்க, பாவு இரண்டாகப் பிரியும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நீளக் குச்சியின் நுனியில் கோரையை மாட்டி உள்ளே செலுத்துவார். அச்சால் ஒரு அடி. மறுபடி ஒரு கோரை. மின்சாரம் வேண்டாம், தனியாகக் கூடம் வேண்டாம். வீட்டின் முன்பக்கத்திலேயே தறியைப் போட்டுவிடலாம். பெண்கள் அதிகமாக இந்த வேலையில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

பாவு நூல் எவ்வளவு மெல்லிசோ பாயும் அவ்வளவு மெல்லிசு. சாதாரணப் பாய்க்குச் சணல் நூலோ தடித்த பருத்தி நூலோ போதும். உயர்ந்த ரகத்துக்கு 100-ஆம் நம்பர், 120-ஆம் நம்பர் நூல் போடுவார்கள், சில சமயம் பட்டு நூலும் உண்டு. பட்டுப் பாய் என்ற பெயர் அதனால்தான். கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கும். சாதாரணப் பாய் ஒன்றிரண்டு நாட்களில் முடிந்துவிடும். பட்டுப் பாய் ஒன்றுக்கு இரண்டு பேர் வாரக்கணக்கில் உட்கார வேண்டும். ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் என்றால் மற்றதற்குச் சில ஆயிரம் ரூபாய். இரண்டுமே பத்தமடைப் பாய்தான் என்பதால், விலை கேட்டுவிட்டு ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. புல் இரண்டுக்கும் ஒன்றுதான். விலை வித்தியாசம் நாட்கணக்கில் இருக்கிறது.

நெல்லைச் சீமையின் பழைய வீட்டில் இந்தப் பாய் என்ன செய்தது என்று யோசித்தால் சிக்கன அலங்காரத்தின் சூட்சுமம் பிடிபடும். சுவருக்குச் சுண்ணாம்பு, தரைக்குச் சாணி மெழுக்கு, பிற்காலத்தில் காவி போட்ட சிமெண்டு, வாசலில் கோலம். இவை எல்லாம் கைக்காசு அதிகம் கேட்காதவை. இதற்கு மேல் சிவப்புத் தரையில் ஓரக் கோடு போட்ட ஒரு பாய் விரித்ததும் அந்த இடம் உட்காரும் அறையாகிவிடும். இலை போட்டால் சாப்பாட்டு அறை. இரவில் படுக்கை அறை. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் பிள்ளைகள் ஓடி விளையாட இடம். ஒரே அறை உள்ள வீட்டுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது. கட்டில் வாங்கியவன் ஒரு கட்டில் அளவு இடத்தை இழந்துவிடுகிறான் அல்லவா? வெயில் காலத்தில் கோரைப் பாயில் படுத்தால் வியர்வை தங்காது, உடம்புக்குக் குளிர்ச்சி என்பது கூடுதல் லாபம்.

ஜப்பானியர்கள் இதே வழியில் இன்னும் தூரம் போனார்கள். வைக்கோலை அழுத்தித் தடிமனான பலகை போலாக்கி, மேலே ஒரு வகை நாணல் பாயைத் தைத்து, தத்தாமி என்று தரை முழுவதும் பதித்தார்கள். அறை எவ்வளவு பெரியது என்பதை ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்று பாய்க் கணக்கிலேயே சொன்னார்கள். 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசானாக விளங்கிய சென் நோ ரிக்கியூ அமைத்ததாகச் சொல்லப்படும் தாயான் என்ற தேநீர் அறை இரண்டே பாய் அளவுதான். அந்த எளிமையை உலகக் கட்டடக் கலை மாணவர்கள் படிக்கிறார்கள். பத்தமடைப் பாய் விரித்த வீட்டை ஏழ்மை என்று நினைத்து மாற்றிக்கொண்டவர்கள்தான் இங்கே அதிகம்.

ஆனால் கல்யாணம் என்று வந்தால் பாயின் மதிப்பு ஏறிவிடும். மணமகன், மணமகள் பெயர்களை நெய்து சீர்வரிசையோடு கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இந்து வீட்டுக் கல்யாணமானாலும் முஸ்லிம் வீட்டுக் கல்யாணமானாலும் பாய் அதே தறியிலிருந்துதான் வருகிறது. எழுத்து நெய்வது சுலபம் அல்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை இழை தாண்டி நிறக் கோரை வர வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நீளமான பெயர் என்றால் வேலையும் நீளம்! 1953-ல் இங்கிலாந்தில் இரண்டாம் எலிசபெத் முடிசூட்டிக்கொண்டபோது பத்தமடையிலிருந்து ஒரு பாய் பரிசாக அனுப்பப்பட்டது என்பது இந்த ஊரின் பெருமைக் கதைகளில் முதன்மையானது.

அரண்மனை வரை போன பாயைச் சாதாரண வீட்டிலிருந்து விரட்டியது பிளாஸ்டிக் பாய். 1990-களுக்குப் பிறகு இது கடைக்குக் கடை குவிந்தது. கழுவலாம், பூஞ்சை பிடிக்காது, மழைக்காலத்தில் நனைந்தாலும் கவலை இல்லை, விலையும் மலிவு. கோரைப் பாய்க்கு ஈரம் ஆகாது, அவ்வப்போது வெயில் காட்ட வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்ததைக் குறை சொல்ல முடியாது. வெயிலில் சுடும், கொஞ்ச நாளில் பொடிந்து கிழியும், கிழிந்தால் மண்ணில் மட்காது என்பதெல்லாம் பிறகு தெரிந்த விஷயங்கள்.

பத்தமடை இதைச் சமாளித்தது வேறு வழியில். விலை மலிவில் பிளாஸ்டிக்கோடு மோத முடியாது என்று ஆனதும், மேசை விரிப்பு, கைப்பை, சுவரில் தொங்கவிடும் அலங்காரப் பாய் என்று சின்னப் பொருட்களும் செய்யத் தொடங்கினார்கள். மகளிர் கூட்டுறவுச் சங்கமும் பூம்புகார் விற்பனை நிலையங்களும் சந்தைக்கு வழி செய்தன. 2012-13 ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறு ஊரில் நெய்த பாயைப் 'பத்தமடை' என்று சொல்லி விற்கக் கூடாது என்பதற்குச் சட்டப் பாதுகாப்பு அது. காவிரிக் கரையில் முசிறியிலும் கோரைப் பாய் உண்டு, கேரளத்தில் கிள்ளிமங்கலத்திலும் உண்டு. ஒவ்வொன்றும் அதனதன் பெயரில் விற்பதுதான் நியாயம்.

ஆனால் குறியீடு கூலியைத் தராது. சிக்கன அலங்காரம் என்று பேசும்போது யாருக்குச் சிக்கனம் என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. புல் மலிவு, தறி மலிவு, சாயம் மலிவு. எனவே பாய் விலையில் பெரும்பங்கு நெய்கிறவரின் உழைப்புத்தான். பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்தால், அது புல்லிலிருந்து குறையாது, கூலியிலிருந்துதான் குறையும். தாமிரபரணிக் கரை ஊர்களில் பெண்கள் வீட்டில் இருந்தபடியே செய்யும் இன்னொரு பெரிய வேலை பீடி சுற்றுவது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி கணக்காகிவிடும், வருங்கால வைப்பு நிதியும் உண்டு. பாய்க்கோ, விற்றால்தான் பணம். பட்டுப் பாய் நெய்யக் கற்றுக்கொள்ள ஆகும் காலமும் அதிகம். நூல் போலக் கோரையைக் கீறத் தெரிந்த அம்மாவின் மகள் பீடித் தட்டையோ கல்லூரியையோ தேர்ந்தெடுத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இன்று குறைந்த செலவில் வீட்டை அழகாக்க நினைப்பவர் பட்டுப் பாய் வாங்க வேண்டும் என்பது இல்லை. ஓரக் கோடு போட்ட சாதாரணக் கோரைப் பாய் ஒன்றே ஒரு கூடத்துக்குப் போதும். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் காருகுறிச்சியில் மண்பானையும், வீரவநல்லூரில் கைத்தறியும் கிடைக்கும். பெயர் நெய்த கல்யாணப் பாய் வேண்டும் என்றால் மட்டும் முகூர்த்தத்துக்குப் பல வாரம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். பத்திரிகை அடித்த பிறகு போய்க் கேட்டால் பாய் வராது.