ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்

நான் சர்வீஸில் இருந்தபோது சக அலுவலர் ஒருவர் வருடம் தவறாமல் லீவு போட்டுவிட்டுப் பத்து நாள் விபஸ்ஸனா தியானத்துக்குப் போய்விடுவார். என்னையும் கூப்பிடுவார். "மார்ச்சில் கணக்கு முடிக்கணும், அப்புறம் ஆடிட் வரும். ரிட்டயர் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பேன். இருபது வருடமாக இதே பதில்தான்.

இந்தச் சாக்கு எவ்வளவு சொத்தை என்பது ஊ பா கின் என்ற பர்மியரைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. அவரும் என்னைப்போல் கணக்குத் துறைக்காரர்!

கதை கொஞ்சம் முன்னால் தொடங்குகிறது. 1885இல் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்து, பர்மாவின் கடைசி மன்னர் தீபாவை நம் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். பௌத்தத்தைக் காத்துவந்த அரசே போய்விட்டது. இனி அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் சாதாரண ஜனங்களே என்று நினைத்தவர் லெடி சயாடோ (1846-1923) என்ற துறவி. அதுவரை பெரும்பாலும் துறவிகளில் சிலர் மட்டுமே செய்துவந்த விபஸ்ஸனாவை இல்லறத்தாருக்கும் திறந்துவிட்டார். அவரிடம் பயின்ற சயா தெட்ஜி ஒரு விவசாயி. காவி கட்டாமலே ஆசிரியரானார்.

அந்த விவசாயியைத் தேடி 1937 ஜனவரியில் போனவர்தான் ஊ பா கின். 1899இல் பிறந்தவர்; அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அந்நாட்டின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரலே அவர்தான். சில சமயம் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளுக்குத் தலைவர். ஆனாலும் 1950இல் தன் அலுவலக ஊழியர்களுக்காக ஒரு விபஸ்ஸனா சங்கம் தொடங்கினார். 1952இல் ரங்கூனில் தியான மையமும் அமைத்தார். 1967இல்தான் அரசுப் பணியிலிருந்து முற்றிலும் ஓய்வு பெற்றார். ரிட்டயர் ஆகும்வரை காத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் காலம் நான்கே வருடம். 1971இல் காலமானார்.

அவரிடம் 1955இல் வந்தவர் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி கோயங்கா. தீராத ஒற்றைத் தலைவலி. "உடம்பு வியாதிக்காக என்றால் வராதே, மனம் தூய்மையாக வேண்டும் என்றால் வா" என்ற பொருளில் சொல்லி முதலில் மறுத்துவிட்டாராம். கோயங்கா 1969இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாமை நடத்தினார். புத்தர் போதித்த மண்ணில் மறைந்துபோன பயிற்சி இல்லறத்தார் கைமாறித் திரும்பி வந்தது.

ஒருவழியாக நானும் சென்னை திருமுடிவாக்கம் மையத்துக்குப் போனேன், ரிட்டயர் ஆனபிறகுதான்! விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பத்தாம் நாள் காலை வரை மௌனம். முதல் மூன்றரை நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பிறகு தலை முதல் கால் வரை உடம்பில் எழும் உணர்ச்சிகளை, விருப்பு வெறுப்பு இல்லாமல் பார்க்க வேண்டும். எதுவும் நிலைப்பதில்லை என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் உடம்பிலேயே உணர்வதுதான் ஞானத்துக்கு வழி என்கிறார்கள்.

முழங்கால் வலியில் நாலாம் நாளே ஓடிவிடப் பார்த்தேன். ஆறாம் நாள் வேறொரு வலி வந்தது. அப்பா வீட்டுப் பாகப்பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்று பதினான்கு வருடம். அந்தக் கோபம் நெஞ்சில் நெருப்பாக எழுந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரத்தில் தானாக அடங்கியது. பதினான்கு வருடம் கட்டிக் காத்ததற்கு ஆயுள் அரைமணி நேரம்!

உடனே போன் செய்திருப்பேன். ஆனால் அண்ணன் காலமாகி அப்போதே இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஞானம் கிடைத்ததா என்று நண்பர்கள் கேலியாகக் கேட்கிறார்கள். இல்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன், அவ்வளவுதான். பேச வேண்டிய அண்ணன் தம்பி யாராவது உங்களுக்கு இருந்தால், தியானம் கற்றுக்கொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போன் செய்துவிடுங்கள்.