அரிட்டாபட்டிக் குன்றுகளும் காப்பின் எல்லையும்

மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் அரிட்டாபட்டி. அதனையும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்தையும் தழுவி நிற்கும் ஏழு பாறைக் குன்றுகளின் பகுதியைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இத்தகுதியைப் பெற்ற முதல் தலம் இதுவே. கல்வெட்டறிஞர் இக்குன்றுகளைத் தமிழ் பிராமி எழுத்துகளுக்காக அறிவர். கலை வரலாற்றறிஞர் குடைவரைக் கோயிலுக்காகவும் சமணத் திருமேனிக்காகவும் அறிவர். பறவையியலார் வல்லூறுகளுக்காக அறிவர். ஒரே குன்றுத்தொடர் இவ்வாறு மூன்று துறைகளுக்கு மூன்று பொருளாக நிற்கிறது. இம்மூன்றையும் ஒருசேர வைத்து நோக்கும்போது, 'இங்குக் காக்கப்பட வேண்டியது எது, அதன் எல்லை எதுவரை' என்னும் வினா எழுகிறது. இக்குன்றுகளின் கல்வெட்டுகளே இவ்வினாவிற்கு ஒருவகையில் விடை கூறுகின்றன என்பதை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குன்றும் நீரும்

சமவெளியிலிருந்து தனித்தனியே எழுந்து நிற்கும் வெறும்பாறைக் குன்றுகளே இப்பகுதியின் நிலவியல் அடையாளம். இத்தகைய பாறையில் மண்போர்வை மிகுதியாக இல்லாமையால் மழைநீர் உள்ளிறங்குவது குறைவு. விழும் நீரின் பெரும்பகுதி பாறைச் சரிவில் வழிந்து அடிவாரத்தைச் சேர்கிறது. ஒரு சிறு பங்கு பிளவுகளிலும் பள்ளங்களிலும் தங்கிச் சுனையாகிறது. வழிந்தோடும் நீரை வரத்துக்கால்களின் வழியே கண்மாய்களில் தேக்கி, மடை வழியாக வயலுக்குப் பாய்ச்சுவது பாண்டி நாட்டின் தொன்மையான வேளாண் முறை. 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் ஆகியவற்றுக்கு இக்குன்றுகள் நீர் வழங்குவதாக அரசின் அறிவிப்பு கூறுகிறது.

அவ்வறிவிப்பில் ஆனைகொண்டான் கண்மாய், 16ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ளது. அந்நூற்றாண்டில் மதுரை விசயநகர ஆட்சிக்கும் தொடர்ந்து நாயக்கர் ஆட்சிக்கும் உட்பட்டிருந்தது. பாண்டியர் தென்காசிப் பகுதியில் ஒடுங்கியிருந்தனர். எனவே இக்காலக் கணிப்பு மீளாய்வுக்குரியது. எனினும் குன்று, கால், கண்மாய், வயல் என்னும் வரிசை நெடுங்காலமாக ஓரமைப்பாக இயங்கி வந்துள்ளது என்பதில் ஐயமில்லை. இவ்வரிசையில் முதலாவது சிதைந்தால் இறுதியில் உள்ளது தானே தரிசாகும்.

முழையும் எழுத்தும்

இக்குன்றுத்தொடரில் மீனாட்சிபுரம் பக்கமுள்ள பகுதி, ஆய்வுலகில் மாங்குளம் என்னும் பெயரால் அறியப்படுகிறது. இராபர்ட் சிவெல் 1882இல் இங்குள்ள எழுத்துகளைக் கண்டறிந்தார். குகைகளில் காணப்படும் இத்தகைய எழுத்துகளின் மொழி தமிழே என்பதை கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். கணிநந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை மாங்குளம் கல்வெட்டுகள் கூறுகின்றன. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதியும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினராகிய நிகமத்தோரும் அவற்றில் கொடையாளராக இடம்பெறுகின்றனர். ஐராவதம் மகாதேவன் இவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கணித்துள்ளார். சங்க இலக்கியம் பேசும் அரசப் பெயரொன்று கல்லில் கிடைத்தமையால் தமிழிலக்கிய வரலாற்றின் காலவரையறைக்கு இக்கல்வெட்டுகள் அடிப்படைச் சான்றாயின.

அரிட்டாபட்டிப் பக்கத்தில் கழிஞ்சமலைக் குகையில் இரு தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. இவற்றுள் ஒன்று 2003இல் கண்டறியப்பட்டது. ஒன்றில் கொடையாளன் நெல்வெளியைச் சேர்ந்த வெளியன். மற்றொன்றில் இலஞ்சி வேள் ஒருவனின் மகனாகிய எமயவன். நெல்வெளி இன்றைய திருநெல்வேலியாகவும், இலஞ்சி குற்றாலத்தை அடுத்துள்ள ஊராகவும் கொள்ளப்படுகின்றன. வெள்ளறை மதுரைக்கருகே உள்ள வெள்ளரிப்பட்டி என்பர்.

குகையைக் குறிக்க இவ்விரு கல்வெட்டுகளும் ஆளும் சொல் 'முழாகை', 'முழஉகை' என வாசிக்கப்படுகிறது. இது சங்க இலக்கியத்தில் பயிலும் 'முழை' என்னும் சொல்லோடு தொடர்புடையது. அவ்விலக்கியத்தில் முழை, அளை, விடர் ஆகியன பெரும்பாலும் விலங்குகளின் உறைவிடம். புறநானூற்றின் 86ஆம் பாட்டில் தாயின் வயிறு, புலி தங்கிச் சென்ற கற்குகையோடு ஒப்பிடப்படுவது அனைவரும் அறிந்ததே. விலங்கின் உறைவிடத்திற்கு வழங்கிய சொல்லே துறவியின் உறைவிடத்திற்கும் வழங்கியது இங்கு நோக்கத்தக்கது. முழையின் நெற்றியில் மழைநீர் உட்புகாவண்ணம் காடி வெட்டுவதும், தரையைச் சமன்செய்து கற்படுக்கை அமைப்பதுமே மனிதர் செய்த மாற்றம். குன்று கட்டடமாக்கப்படவில்லை, இருந்த இடம் சிறிது திருத்தப்பட்டது.

குடைவரையும் திருமேனியும்

குன்றின் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட சிவன் கோயில், ஏறத்தாழ ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த முற்காலப் பாண்டியர் பணியாகும். மக்கள் இதனை இடைச்சி மண்டபம் என வழங்குவர். இதன் முகப்பில் ஒருபுறம் பிள்ளையாரும் மறுபுறம் இலகுலீசரும் செதுக்கப்பட்டுள்ளனர். பாசுபத நெறியின் ஆசானாகப் போற்றப்படும் இலகுலீசரை மரபு குசராத்தின் காரோகணத்தோடு தொடர்புபடுத்துகிறது. தமிழகத்தில் இலகுலீசர் சிற்பங்கள் அரியன. அவற்றுள் ஒன்று இச்சிற்றூரின் குன்றில் இருப்பது, பாசுபத நெறி பாண்டி நாட்டின் உள்ளூர்களையும் எட்டியிருந்ததற்குச் சான்றாகும்.

குகைப் பகுதியில் தீர்த்தங்கரர் திருமேனி ஒன்று புடைப்புச் சிற்பமாக உள்ளது. அதனருகே ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டொன்று காணப்படுகிறது. திருப்பிணையன் மலை என இக்குன்றின் பழம்பெயரை அது தருகிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி இத்திருமேனியைச் செய்வித்தார் என்பதும், இதன் காப்பு பாதிரிக்குடியாருக்கு உரியது என்பதும் அதன் செய்தி. அழகர்மலை, சமணர்மலை, உத்தமபாளையம் முதலிய இடங்களிலும் பணி செய்த அதே அச்சணந்தி இவர். செய்வித்தவர் ஊர் ஊராகச் சென்ற துறவி. யார் பேரால் செய்யப்பட்டதோ அவர்கள் கணக்கர்கள். காப்போர் மற்றொரு குடியினர். ஒரு சிற்பத்தைச் சுற்றி மூன்று தரப்பினர் பொறுப்பேற்று நிற்பதைக் காணமுடிகிறது.

இக்கல்வெட்டு கூறும் காப்பு, திருமேனியின் காப்பேயாகும். இற்றைநாளைச் சூழலியல் கருத்தை அதன்மேல் ஏற்றிப் பொருள்கொள்வது முறையன்று. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. செப்புத் திருமேனியை எடுத்துச் சென்று வேறிடத்தில் வைத்துக் காக்கலாம். பாறையில் செதுக்கிய திருமேனியைக் காத்தல் பாறையைக் காத்தலே ஆகும். இரண்டையும் பிரிக்க இயலாது. முழைநெற்றியில் பொறித்த எழுத்திற்கும் இதுவே பொருந்தும். மைப்படி எழுத்தின் வடிவைக் காக்கும். அது எந்த முழைக்கு, எந்தச் சுனைக்கருகே, எந்த வழியை நோக்கிப் பொறிக்கப்பட்டது என்பதைக் குன்று ஒன்றே காக்கவல்லது.

பாறையில் வாழும் உயிர்கள்

பல்லுயிர் மரபுத் தல அறிவிப்பு, இப்பகுதியில் ஏறத்தாழ 250 பறவையினங்கள் உள்ளதாகக் குறிக்கிறது. லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று கொன்றுண்ணிப் பறவைகளை அது தனித்துச் சுட்டுகிறது. அலங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் இங்கு வாழ்கின்றன.

ஷாகீன் வல்லூறு செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளிலும் பொந்துகளிலும் முட்டையிடும். பறக்கும் பறவைகளை வானிலேயே பாய்ந்து பற்றும். போனெல்லிக் கழுகும் பாறைமுகப்புகளிலோ பெருமரங்களிலோ கூடமைக்கும். லகர் வல்லூறு வறண்ட வெளிநிலத்துப் பறவை. உலக அளவில் அச்சுறுத்தலை அண்மிய நிலையில் உள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இவை குன்றில் தங்கினும் குன்றிலேயே இரை தேடுவதில்லை. அடிவாரப் புதர்க்காடு, கண்மாய்க் கரை, அறுவடை முடிந்த வயல், மேய்ச்சல் தரிசு ஆகியவையே அவற்றின் வேட்டை நிலம். கூடு இருக்கும் பாறையை மட்டும் வேலியிட்டுக் காத்து, இரைநிலத்தை இழக்கவிட்டால் கூடு வெறுமையாகும். நீரைப் பற்றி மேலே கூறப்பட்டதும் உயிரினத்தைப் பற்றி இங்குக் கூறப்படுவதும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள்.

காப்பின் எல்லை

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்கள் இத்தகைய நிலப்பரப்பைப் பகுத்தே காண்கின்றன. நடுவணரசின் தொல்லியல் சட்டம் நினைவுச் சின்னத்தை அலகாகக் கொள்கிறது. 2010ஆம் ஆண்டின் திருத்தப்படி, நடுவணரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அதாவது சின்னத்திலிருந்து அளக்கப்படும் தொலைவே காப்பின் எல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இதனினும் விரிந்த நோக்குடையது. நிலப்பரப்பையே மரபாக ஏற்க அதன் 37ஆம் பிரிவு வழிவகுத்தது. கருநாடகத்தில் தேவனகள்ளியை அடுத்த நல்லூர்ப் புளியந்தோப்பு 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாயிற்று. தமிழகத்தில் அரிட்டாபட்டியைத் தொடர்ந்து திண்டுக்கல் மாவட்டக் காசம்பட்டிக் கோயில்காடு 2025இல் இத்தகுதி பெற்றது.

அரிட்டாபட்டித் தலத்தின் பரப்பு ஏறத்தாழ 193 எக்டேர். இதன் பெரும்பகுதி அரிட்டாபட்டியிலும் எஞ்சியது மீனாட்சிபுரத்திலும் அடங்கும். இவ்வெல்லைக்கோடு எத்துணை வலிமையுடையது என்பதை 2024ஆம் ஆண்டு சோதித்தது. அவ்வாண்டு நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கப் பகுதிக்கான ஏலத்தின் முடிவை நடுவணரசின் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. ஏலத்திற்குரிய பரப்பு 2015.51 எக்டேர், பல்லுயிர் மரபுத் தலமும் அதனுள் அடங்கியிருந்தது. ஊர்கள் கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானங்கள் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் ஏலத்தை நீக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது.

டிசம்பர் 24 அன்று அமைச்சகம், பல்லுயிர்த் தலப் பகுதியை விலக்கிச் சுரங்க எல்லையை மறுவரையறை செய்வது பற்றி ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டுக்கொண்டது. சட்டத்தின் நோக்கில் இது முறையான தீர்வாகத் தோன்றக்கூடும். ஆனால் மரபுத் தலத்தின் பரப்பு, ஏலப் பரப்பில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. அதனை மட்டும் விலக்கினால் சுனை எஞ்சும். கண்மாயும் வயலும் சுரங்க எல்லைக்குள் அகப்படும். கூடு எஞ்சும், இரைநிலம் அகப்படும். எழுத்து எஞ்சும், அதனைச் சூழ்ந்த ஊர்கள் அகப்படும். மக்கள் இத்தீர்வை ஏற்காமைக்கு இதுவே காரணம். 2025 சனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் பல்லாயிரவர் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை பேரணியாகச் சென்று, திட்டம் முழுவதையும் கைவிடக் கோரினர். சனவரி 23 அன்று ஏலம் நீக்கப்பட்டதாக அமைச்சகம் அறிவித்தது.

போராட்டத்தின் முன்னணியில் நின்றோர் பெரிதும் உழவரும் வணிகரும் பெண்களும் ஆவர். மேலூர் வட்டாரத்தில் கருங்கல் குவாரிகளால் குன்றுகள் சில உருக்குலைந்ததை அவர்கள் முன்னரே கண்டிருந்தனர். ஆதலின் எல்லைக்கோட்டிற்கு வெளியே நிகழ்வது உள்ளேயுள்ளதை எவ்வாறு தாக்கும் என்பதை அறிய அவர்களுக்கு நூல் வேண்டியிருக்கவில்லை.

நிறைவுரை

மேற்கண்ட கல்வெட்டுகளை ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. நெல்வெளி, இலஞ்சி, வெள்ளறை, பொற்கோடு, பாதிரிக்குடி என இவை அனைத்தும் குன்றிற்குப் புறத்தே வாழ்ந்தோரைக் குறிப்பன. முழையைக் கொடுத்தவரும், திருமேனிக்குப் பெயர் ஈந்தவரும், அதனைக் காத்தவரும் வேறு வேறு ஊரினர். இக்குன்று தனித்து ஒதுங்கிய இடமாக என்றும் இருந்ததில்லை. அதன் பயனும் பொறுப்பும் நெடுந்தொலைவு பரவியிருந்தன.

எனவே அரிட்டாபட்டியின் மரபெல்லையை முழையளவிலோ குன்றளவிலோ குறுக்கிக் காண்பது கல்வெட்டுச் சான்றோடும் நீரியல் நடைமுறையோடும் உயிரியல் தேவையோடும் பொருந்தவில்லை. ஏலம் நீங்கியமையால் உடனடி இடர் அகன்றது. எல்லை பற்றிய வினா அகலவில்லை. கல்வெட்டைப் பதிப்பிக்கும்போது அது உள்ள முழையின் சுனை, வழி, கண்மாய், சுற்றூர்ப் பெயர்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிவு செய்வது தமிழாய்வாளர் உடனே மேற்கொள்ளத்தக்க பணி. அத்தகைய பதிவு ஆய்வுக்குத் துணையாவதோடு, அடுத்த முறை எல்லை வரையப்படும்போது சான்றாகவும் பயன்படும். பாதிரிக்குடியார் ஏற்றுக்கொண்ட காப்பில் ஆய்வுலகின் பங்கு இதுவேயாகும்.