ஆற்றின் கரை யாருடையது?

ஆற்றை நம்பியே ஊர்கள் தோன்றின என்பது சரித்திரம் கற்பிக்கும் முதற் பாடமாகும். குடிப்பதற்கு நீரும், பண்டங்களை ஏற்றிச் செல்வதற்கு வழியும், உண்பதற்கு மீனும் ஒருங்கே தரவல்லது ஆறு. கோலாலம்பூர் என்னும் மலாய்ப் பெயருக்குச் சேறு நிறைந்த ஆற்றுக்கூடல் என்று பொருள் கூறுவர். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்திலே அந்நகரம் பிறந்தது. சிங்கப்பூரும் 1819ஆம் ஆண்டில் ஓர் ஆற்றின் வாயிலிலேதான் வாணிகத் தலமாக நிறுவப்பெற்றது. இங்ஙனம் தம்மைப் பெற்றெடுத்த ஆறுகளுக்கு இந்நகரங்கள் செய்த கைம்மாறு யாது? முதலில் அவற்றின் கரைகளைப் பறித்துக்கொண்டன. அடுத்து அவற்றில் கழிவுகளைக் கொட்டின. பின்னர், நாறுகின்றது என்று முகத்தைச் சுளித்துச் சிமெண்டுக் கால்வாய்க்குள் அடைத்தன. வெள்ளம் வீட்டினுள் புகுந்தபோதுதான், ஆற்றின் கரை யாருடையது என்னும் வினா உரக்க எழுந்தது. அவ்வினாவிற்கு இவ்விரு நகரங்களும் கண்ட விடையையும், அதன்பொருட்டு அவை கொடுத்த விலையையும் ஈண்டு ஆராய்வோம்.

கரை என்பது வெறும் மண்வரம்பு அன்று. மழைக்காலத்தில் ஆறு அகன்று ஓடுவதற்கு இயற்கை ஒதுக்கி வைத்த இடம் அது. அங்குள்ள மரங்களின் வேர்கள் மண்ணைப் பற்றி நிற்கின்றன. புல்லும் நாணலும் மேட்டிலிருந்து இறங்கும் வண்டலை வடிகட்டுகின்றன. நிழல் நீரைக் குளிரச் செய்கின்றது. மீன்கொத்தி, கொக்கு, உடும்பு, நீர்நாய் முதலியவற்றிற்கு அதுவே வீடு. கோலசிலாங்கூருக்கு அண்மையிலுள்ள கம்போங் குவாந்தானில், இரவிலே மரம் முழுவதும் விளக்கேற்றியது போல மின்மினிகள் ஒளிவிடுவதை நம்மவருட் பலர் கண்டிருப்பர். அவை பெரெம்பாங் மரத்தின் இலைகளில் அமர்ந்து மின்னுகின்றன. அவற்றின் புழுக்களோ கரையோரத்து ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஆகவே, மரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கரையைத் துப்புரவாகச் செதுக்கி, நீர் விளிம்புவரை செம்பனையோ வாழையோ நட்டால், மரம் இருக்கும், ஒளி இராது. விலங்கின் வீட்டைக் காப்பதென்பது நிலத்தைக் காப்பதேயாகும்.

நிற்க. சிங்கப்பூரின் பழைய ஆற்றங்கரைகளில் நம்மவர் வியர்வையும் சிந்தியிருக்கின்றது. கப்பலுக்கும் கிடங்கிற்கும் இடையே சரக்குத் தோணி செலுத்தியவருள், தொடக்கக் காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் முன்னணியில் இருந்தனர். இன்று டோபி காட் என வழங்கும் இடத்தில் ஓடிய பிராஸ் பாசா ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்தனர். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்தில், ரோச்சோர் ஆற்றை அடுத்த புல்வெளியும் சதுப்பும் மாட்டுப் பட்டிகளுக்கு ஆதாரமாயிருந்தன. நகரம் பெருகவே சதுப்புகள் தூர்க்கப்பட்டன, பட்டிகள் மறைந்தன, சலவைத்துறையும் மறைந்தது. அந்த ஓடை ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய் என்னும் பெயருடன் பெரும்பகுதி தளத்தின்கீழ் மறைக்கப்பட்டது. மேலே கடைகளும் மாளிகைகளும் எழுந்தன.

ஆனால் ஓடையை மறைத்தவர்கள் மழையை மறைக்க முடியவில்லை. 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடைத்தெரு நீரில் மூழ்கியது. மண் குடிக்க வேண்டிய நீரைத் தாரும் சிமெண்டும் குடிக்குமோ? அஃது அனைத்தும் ஒரே வேளையில் கால்வாயை நாடி ஓடிற்று. அதன்பின் நிலத்தடியில் 38,000 கன மீட்டர் நீரைத் தேக்கும் தொட்டியொன்றும், சிங்கப்பூர் ஆற்றுக்கு நீரைத் திருப்பிவிடும் 2 கிலோ மீட்டர் கால்வாயொன்றும் அமைக்கப்பெற்று, 2018ஆம் ஆண்டில் முடிவடைந்தன. செலவு ஏறக்குறைய 22 கோடியே 70 இலட்சம் வெள்ளி! சலவைக்காரர் காலத்தில் காசின்றிக் கிடைத்த கரையின் வேலையை இன்று காசு கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று. மேலும், 2014ஆம் ஆண்டு முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டுவோர், மழைநீரில் ஒரு பகுதியைத் தம் மனைக்குள்ளேயே சிறிது நேரம் தேக்கி, மெல்ல வெளிவிடவேண்டும் என்னும் விதியும் ஏற்பட்டது. கட்டுகின்றவனே தான் பெருக்கும் வெள்ளத்திற்குப் பொறுப்பாளி என்னும் நியாயம் இவ்விதியில் அமைந்திருக்கின்றது.

இனி மலாயாவின் கதையைக் காண்போம். இங்கே சட்டம் இல்லாமலில்லை. 1920ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமே, அனுமதியின்றி ஆற்றங்கரையிலிருந்து 50 அடிக்குள் கட்டடம் எழுப்பலாகாது என்று விதித்தது. அதற்குப் பின்னரும் 1926ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டிலும் கோலாலம்பூரைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. இக்காலத்தில் நீர்ப்பாசன வடிகால் இலாகா வகுத்துள்ள அளவின்படி, 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் விடவேண்டும். 5 மீட்டருக்கும் குறைந்த சிற்றோடைக்கு 5 மீட்டரேனும் விடவேண்டும். நன்று. ஆயினும், 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாநில அரசாங்கம் அந்நிலத்தை அரசிதழில் வெளியிட்டு ஒதுக்கினால் அன்றி, அவ்வளவுக்கு முழு வலிமை வாய்ப்பதில்லை. வெளியிடப்படாத ஒதுக்கு நிலம் படத்திலுள்ள கோடாகவே நிற்கும். கோட்டைத் தாண்டுவதற்குப் பணக்காரனுக்குப் பாலம் தேவையில்லை. 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 9.7 கிலோ மீட்டர் நீளமுள்ள வெள்ளச் சுரங்கம், ஆற்றுக்கு மேலே இடம் கொடாத நகரம் அதற்குப் பூமிக்கடியில் இடம் தேடிய கதையேயாகும்.

ஈண்டு ஒரு பெரிய நியாயத்தையும் நாம் மறந்துவிடலாகாது. ஆற்றோரத்தில் குடியிருந்தோர் யாவர்? தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன காலத்தில், வேலையும் லயத்து வீடும் ஒருசேர இழந்து நகரம் நோக்கி வந்த நம்மவருட் பலர், புறம்போக்கு நிலங்களிலும் ஆற்றோரங்களிலும் பலகை வீடு கட்டிக்கொண்டனர். வெள்ளத்தில் முதலில் நனைந்தது அவர்கள் பாயே. கரையைக் காக்கும் சட்டம் பலகை வீட்டுக்கு நோட்டீசும் மாடிக் கட்டடத்துக்கு அனுமதியும் வழங்குமாயின், அது ஆற்றைக் காக்கும் சட்டமாகாது. ஏழையை ஓட்டும் சட்டமாகும்.

சிங்கப்பூர் இவ்விஷயத்தில் செய்தது கவனிக்கத்தக்கது. 1977ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பிரதமர் லீ குவான் இயூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் பத்தாண்டுகளில் தூய்மையாக்க வேண்டுமென்று அறைகூவினார். 1987ஆம் ஆண்டில் வேலை முடிந்தது. அதற்கென ஏறக்குறைய 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சுமார் 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடிகளுக்குச் சென்றனர். 800 சரக்குப் படகுகள் 1983ஆம் ஆண்டில் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. காலாங் வடிநிலத்திலிருந்த ஏறத்தாழ 600 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. பல தலைமுறைப் பிழைப்புகள் அன்றோடு முடிந்தன என்பதையும் மறைத்தற்கில்லை. ஆயினும் அகற்றப்பட்டோரிற் பெரும்பாலோர்க்கு மாற்று இடம் காட்டப்பட்டது என்பதே அவ்வேலையின் வெற்றிக்கு ஆணிவேர் என்பது நமது துணிபு.

தூய்மை வந்தது, ஆனால் காலாங் ஆறு இன்னும் சிமெண்டுத் தொட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. 2009ஆம் ஆண்டில் தொடங்கி 2012ஆம் ஆண்டிற்குள், பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோ மீட்டர் நேர்க்கால்வாயை உடைத்தெடுத்து, 3.2 கிலோ மீட்டர் நெளிந்தோடும் ஆறாக்கினர். கரைகளைக் கல்லும் செடிவேரும் பின்னிக் கட்டினர். பெருமழையில் பூங்காவின் புல்வெளியே ஆற்றின் படுகையாகின்றது. அப்பொழுது மக்கள் விலகுவதற்கு எச்சரிக்கை ஒலி எழுப்புகின்றனர். நீரைச் சுமக்கும் ஆற்றல் முன்னிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்தது. பறவையும் தும்பியும் தாமே வந்தன. தீவினின்றும் மறைந்துபோய் 1998ஆம் ஆண்டில் சுங்கை பூலோவில் மீண்டும் குடியேறிய நீர்நாய்கள், பின்னர் பீஷானிலும் வந்து குட்டிகளை வளர்த்தன. இவற்றை எவரும் பிடித்துக்கொண்டு வந்து விடவில்லை. இடம் கொடுத்தனர், அவை வந்தன.

மனிதனுக்கே இடமில்லாத நகரில் நீர்நாய்க்கு இடமா என்று சிலர் வினவுவர். இவ்வினா நியாயம் போலத் தோன்றினும் ஆராயுமிடத்து நில்லாது. நீர்நாய் வாழும் ஆற்றில் மீன் உண்டு. மீன் வாழும் நீரில் நஞ்சு குறைவு. கரை அகன்ற ஊரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுவது அரிது. விலங்கிற்கு விட்ட நிலம் குழந்தைகளின் விளையாட்டிடமாகவும் முதியோரின் உலாவிடமாகவும் பயன்படுகின்றது. அந்நிலத்தைப் பறிப்பதனால் ஏழைக்கு வீடு கிடைப்பதுமில்லை. அங்கே எழுவது பெரும்பாலும் அவன் வாங்க இயலாத மாடியே.

ஆகவே சரித்திரம் நமக்கு உரைப்பது இரண்டு: கரைக்குரிய கோட்டைச் சுவர் எழுவதற்கு முன்னரே கிழிக்கவேண்டும், கரையில் வாழ்வோர்க்கு மாற்று வீட்டை, அவர்களை எழுப்புவதற்கு முன்னரே கொடுக்கவேண்டும். இவை தாமே நடக்குமென்று நாம் கைகட்டியிருத்தல் தகாது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற, நாட்டுப்புறத் திட்டச் சட்டப்படி, வட்டாரத் திட்ட நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவும் உரிமையுண்டு. அப்படத்தைப் போய்ப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? தோட்டத்து ஆபீசுகளில் கணக்கெழுதி, நிலப்படம் பார்த்துப் பழகிய நாமே அதைப் படித்து, படிக்க வசதியற்ற நம் தொழிலாளித் தோழர்களுக்கு விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். நம்மூர் ஓடைக்கு எத்தனை மீட்டர் விடப்பட்டிருக்கின்றது, அஃது அரசிதழில் ஏறியிருக்கின்றதா, கரையிலுள்ள குடும்பங்களுக்கு வீடு எங்கே என்னும் மூன்று கேள்விகளைச் சங்கக் கூட்டங்களிலும் நகராண்மைக் கழகத்திலும் அஞ்சாது கேட்போமாக. கேட்பாரற்ற கரை, எவன் முதலில் வேலி போடுகின்றானோ அவனுடையதாகிவிடும்.