கல்லில் மோதிய கார்

ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் ஊரின் மவுண்ட் பனோரமா, மற்ற நாட்களில் பொதுச்சாலை; அக்டோபரில் 1,000 கிலோமீட்டர் கார் பந்தயக் களம். 1980-இல் அங்கே முன்னணியில் ஓடிய டிக் ஜான்சனின் ஃபோர்டு ஃபால்கன், சாலையில் கிடந்த பெரிய கல்லில் மோதி நொறுங்கியது. கையில் இருந்ததையெல்லாம் போட்டுத் தயாரித்த கார். தொலைக்காட்சியில் மனமுடைந்து பேசினார்.

பார்த்த மக்கள் போன் செய்து நன்கொடை அறிவித்தார்கள். சேர்ந்த தொகைக்குச் சமமாக ஃபோர்டு நிறுவனமும் தந்தது. புதுக் கார் தயாரானது. 1981-இல் தேசிய டூரிங் கார் சாம்பியன் பட்டம் வென்றார். ஜான் பிரெஞ்சுடன் சேர்ந்து அதே மலையிலும் ஜெயித்தார்.

வெற்றிப் பட்டியலில் இருவர் பெயர்தான் இருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த வெற்றி இல்லை. உங்களுக்குத் தெரிந்த யாராவது விழுந்து கிடந்தால், முடிந்ததைக் கொடுங்கள் கண்ணுகளா.