பொட்டி வந்துருச்சா?

எருமப்பட்டிப் பக்கத்தில் அந்தக் காலத்தில் ‘பொட்டி’ என்றால் படப்பெட்டிதான். நாமக்கல்லிலிருந்து துறையூர் ரோட்டில் வரும் பஸ்ஸின் கூரையிலிருந்து அதை இறக்குவார்கள். மூலை நசுங்கிய தகரப் பெட்டி. முன்பு போய்வந்த ஊர்களின் சீட்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிக் கிழிந்திருக்கும். கூடவே விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் வருவார், டிக்கெட் வசூலை எண்ண. கொட்டகை வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு அவரைப் பற்றிக் கவலையில்லை. “ஏனுங்க, பொட்டி வந்துருச்சுங்களா?” அவ்வளவுதான் கேள்வி.

உள்ளே இருப்பது பிலிம் சுருள்கள். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். புரொஜெக்டரில் நொடிக்கு 24 கட்டம் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினோரு நிமிடம். பதினாறு சுருள் வந்தால் மூன்று மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூட இல்லை. 1943இல், போர்க்காலப் பிலிம் தட்டுப்பாட்டில், முழுநீளப் படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு உத்தரவே போட்டது. ராமாயணம் எடுத்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பட்டாபிஷேகத்தை முடித்துவிட வேண்டும்!

சினிமா வியாபாரத்தில் எங்கள் வட்டாரம் ‘சேலம் ஏரியா’. பெட்டிகள் சேலத்திலேயே பிறந்த காலமும் உண்டு. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் ஏற்காடு ரோட்டில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1952இல் ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ எடுத்தது. தமிழில் ‘காடு’. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சரோடு நம்முடைய நம்பியாரும் உண்டு. யானைகள் ஊருக்குள் புகுந்து துவம்சம் செய்கின்றன. காரணம் பார்க்க ஒரு குழு காட்டுக்குள் போகிறது. போனால் அங்கே சடை தொங்கும் மாமத்துகள்! பனியுகத்து மிருகங்கள். அவற்றுக்குப் பயந்துதான் யானைகள் ஓடிவந்திருக்கின்றன. மாமத்துக்கு எங்கே போவது? யானைகளுக்கே ரோமப் போர்வை போர்த்தி நடக்கவிட்டார்கள். இதை விஞ்ஞானப் படம் என்று சொல்ல எனக்கே கொஞ்சம் கூச்சம். ஆனால் கணக்கைப் பாருங்கள். குழு காட்டில் நடப்பது சில நாட்கள். எதிரே வந்து நிற்பது பல்லாயிரம் ஆண்டுகள். சுருளின் நீளமோ ஒன்றேகால் மணி நேரம் கூட இல்லை.

கதைக்குள் எவ்வளவு காலம் ஓடலாம் என்பதைச் சுருளால் தடுக்க முடியாது. சுருளை மாற்றி மாட்டினால் மட்டும் காலம் கலைந்துபோகும்.

எனக்கு ஒன்பது பத்து வயதிருக்கும். மணல் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒற்றை புரொஜெக்டர் கொட்டகை. சுருள் தீரும்போதெல்லாம் விளக்கைப் போட்டு முறுக்கு விற்பார்கள். அன்றைக்கு ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் நடுவில் கதாநாயகனின் அப்பா செத்துப் பாடையில் போனார். மறு சுருளில் அதே அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஒரே விசில். ஆபரேட்டர் சுருளை முன்பின்னாக மாட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த பாட்டி மட்டும் கலங்கவில்லை. “நெனப்புல வர்றாருடா” என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். பிளாஷ்பேக் பார்த்துப் பழகிய கண்.

2015இல் வந்த ரவிகுமாரின் ‘இன்று நேற்று நாளை’யில் செத்துப்போயிருக்க வேண்டிய ரவுடி பிழைத்து வந்து நிற்கும்போது எனக்கு அந்த அப்பாதான் ஞாபகம் வந்தார். 2065இல் செய்து அனுப்பிய கால இயந்திரம் 2015இல் இரண்டு பேர் கையில் சிக்குகிறது. ஐம்பது ஆண்டுத் தூரம். அவர்கள் அதை வைத்துச் செய்வது என்ன? தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் ஜோசியத் தொழில்! இது அசல் நம்ம ஊர் மூளை.

ஆபரேட்டர் தவறிச் செய்ததை எடிட்டர் வேண்டுமென்றே செய்கிறார். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் குரங்கு மனிதன் எலும்பை மேலே வீசுகிறான், அடுத்த கட்டத்தில் விண்கலம். லட்சக்கணக்கான ஆண்டுகள் இரண்டு பிலிம் கட்டங்களுக்கு நடுவில் உள்ள கோட்டில் போய்விட்டன. நம் கொட்டகையில் பிலிம் அறுந்தால் நாலு கட்டத்தை வெட்டிப் போட்டு ஒட்டுவார்கள். அந்த இடத்தில் அறுந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. ‘எந்திரன்’ கடைசியில் இப்படித்தான் 2030க்குத் தாவி, ரோபோ சிட்டியை மியூசியத்தில் நிறுத்துகிறது. இதற்கு நேரெதிர் ‘மாநாடு’. இரண்டரை மணி நேரப் படத்தில் திரும்பத் திரும்ப ஒரே நாள். விமானத்தில் கண்விழிக்கும் கதாநாயகன் அப்துல் காலிக் செத்தாலும் நாள் முடிவதில்லை.

எனக்குப் பிடித்தது 2016இல் வந்த ‘24’. விஞ்ஞானி சேதுராமன் 1990இல் செய்த கைக்கடிகாரம் பூட்டிய பெட்டிக்குள் 26 ஆண்டுகள் கிடக்கிறது. திறந்த பிறகும் முதலில் அது காலத்தை 24 மணி நேரத்துக்கு மேல் நகர்த்தாது. நொடிக்கு 24 கட்டத்தில் ஓடிய சுருள்களை நினைக்காமல் அந்தத் தலைப்பை என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் படம் வந்தபோது தமிழ்நாட்டில் சுருளே போய்விட்டது. ஆபரேட்டர் அறையில் கார்பன் குச்சி இல்லை, பிலிம் ஒட்டும் பசை வாசனை இல்லை.

பெட்டி மட்டும் உருமாறி வந்தது. இப்போது அது உள்ளங்கையில் அடங்கும் ஹார்ட் டிஸ்க். சில சமயம் அதுவும் இல்லை, படம் செயற்கைக்கோள் வழியாகவே இறங்கிவிடுகிறது. தனியாக ஒரு டிஜிட்டல் சாவி வர வேண்டும். எந்த சர்வர், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்கு ஒரு நிமிடம் முன்னால் தட்டினாலும் படம் ஓடாது.

போன வருடம் ஒரு தியேட்டரில் காலைக் காட்சிக்குப் போயிருந்தேன். காலப் பயணக் கதைதான். பத்து மணி தாண்டியும் திரை வெள்ளையாகவே இருந்தது. முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பி, ஆபரேட்டர் அறைப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

“அண்ணா, கீ வந்துருச்சுங்களா?”